அசையாத பெடல்

உங்கள் மேசை ஆடுகிறது, ஐயா. இடது பக்கத்து முன்கால். பழகிப்போனதால் உங்களுக்குத் தெரியவில்லை. தகரத் துண்டு ஒன்றை மடித்து அடியில் கொடுத்தால் நின்றுவிடும். அதைப் பிறகு செய்து தருகிறேன், முதலில் நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் சிவனணைந்தபெருமாள். தென்காசியில் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புசெட், ஸ்டவ், சைக்கிள், ஆர்மோனியப் பெட்டி, எது வந்தாலும் பார்ப்பேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் பார்த்துக் கொடுத்த சாமான் எதுவும் இரண்டாம் தடவை என்னிடம் வந்ததில்லை. சங்கிலிப்பாண்டியின் பெடல் மட்டும் ஒன்பது தடவை வந்தது.

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தால் பொருட்காட்சித் திடலில் தினமும் சாயங்காலம் பாட்டுக் கச்சேரி நடக்கும், தெரியுமல்லவா. அந்தக் குழுவில் டிரம் அடிக்கிறவன் சங்கிலிப்பாண்டி. கொழும்பிலிருந்து வந்த டிரம் செட். பெரிய டிரம்மைக் கையால் அடிப்பதில்லை. கீழே இரும்புப் பெடல் ஒன்று இருக்கும், அதை மிதித்தால் பஞ்சுத் தலை வைத்த சுத்தி போய் அடிக்கும். பெடலின் வாய் டிரம்மின் மரவளையத்தைக் கவ்விப் பிடித்திருக்க வேண்டும். அவனுடையது பிடிக்காது. இரண்டு பாட்டுக்குள் கவ்வு தளர்ந்து பெடல் ஒரு பக்கமும் டிரம் ஒரு பக்கமுமாகப் போகும்.

நான் புது போல்ட் போட்டேன். கவ்வுகிற வாயில் அரத்தால் பல் வெட்டினேன். டிரம் முன்னால் நகராமல் இருக்கக் கூர் வைத்த இரண்டு கால்கள் அடித்துக் கொடுத்தேன். அடியில் சாக்கு விரிக்கச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் பட்டறையில் நானே உட்கார்ந்து ஆயிரம் அடி எண்ணி மிதித்துப் பார்த்தேன். ஒரு மயிரிழைகூட அசையவில்லை. மேடைக்குப் போனால் கழன்றது.

கழன்றால் சரி, மறுபடி முடுக்கிக்கொள்ளலாம். அவன் மைக்கைப் பிடித்துப் பேசுவான்.

"டிரம்மு செங்கோட்டைக்குப் புறப்பட்டுட்டு. நம்ம பெருமாள் அண்ணாச்சி முடுக்கின நட்டுல்லா, ரயிலைப் பிடிக்காம நிக்காது!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அது மேடையோடு நிற்கவில்லை. தென்காசிச் சந்தையில் ஒருவன் தராசுத் தட்டு அறுந்து விழுந்தது. "என்னலே, பெருமாள் அண்ணாச்சி முடுக்கினதா?" என்று பக்கத்துக் கடைக்காரன் கேட்டான். கடையத்திலிருந்து பம்புசெட் கொண்டுவந்த ஒரு சம்சாரி, பட்டறைப் பெயரை விசாரித்துவிட்டு இறக்கின சாமானைத் திரும்ப வண்டியில் ஏற்றினான். வீட்டில் ஸ்டவ்வின் பிடி கழன்றபோது என் மனைவியே சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கென்று இருந்தது கைவேலைக்குக் கிடைத்த அந்தப் பெயர் ஒன்றுதான், ஐயா.

நான் நிதானமாக யோசித்தேன். பழுது பார்ப்பது என்றால் ஒவ்வொரு காரணமாகத் தள்ளிக்கொண்டு வருவது. போல்ட் இல்லை, வளையம் இல்லை, தரை இல்லை. வேலையில் பிசகு இல்லை என்றால் மிச்சம் இருப்பது ஆள். கழன்றால் யாருக்குக் கைதட்டல்? அவனுக்கு.

ஆடி மாதம் ஒரு நாள் கச்சேரிக்கு முன்னால் போய் நின்று பார்த்தேன். அவன் டிரம்முக்கு அடியில் குனிந்து நட்டில் கை வைத்திருந்தான்.

"என்னலே செய்யுத?"

"முடுக்குதேன் அண்ணாச்சி. இன்னைக்காவது நிக்கட்டும்."

முடுக்குகிற கையும் கழற்றுகிற கையும் பார்வைக்கு ஒன்றாகத்தான் இருக்கும். நான் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். மேலே ஏதாவது கேட்டிருந்தால் அதையும் மைக்கில் சொல்லியிருப்பான்.

மறுநாள் நான்கு மணிக்குப் போனேன். பெடலை மேடைப் பலகையோடு சேர்த்து ஆணி அடித்துவிடுகிறேன், அப்புறம் ஜென்மத்துக்கும் நகராது என்றேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். "இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே அண்ணாச்சி!" என்று எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தான். மைக்செட்டும் விளக்கும் போடும் கிதிர் முகம்மது அந்தப் பலகைக்கு அடியில்தான் மேடை விளக்குக்குப் போகும் கரண்டு வயரைக் கொண்டுபோயிருந்தான். ஒழுங்காக, குறுக்குச் சட்டத்தை ஒட்டி, ஒரு முழத்துக்கு ஒரு கிளிப் அடித்து. நல்ல வேலைக்காரன். நான் குனிந்து பார்த்து, மேலே சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டேன். நான்கு அங்குல ஆணி. விளக்கு மெயின் போட இன்னும் நேரம் இருந்தது. மூன்று ஆணியைப் பெடலின் வழியே வயர் இல்லாத பலகையில் அடித்தேன், நான்காவதைப் புள்ளியில்.

உங்கள் ரிப்போர்ட்டில் "வயர் இருப்பது தெரியாமல் தவறி அடித்த ஆணி" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு நானும் அப்படித்தான் சொன்னேன். எல்லாரும் என்னைப் பாவம் என்றார்கள், வயரை அங்கே போட்டதற்காகக் கிதிர் முகம்மதுவைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். இப்போது சந்தையில் "கண்ணு தெரியாம ஆணி அடிச்ச மனுசன்" என்கிறார்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த ஆணி தவறி விழவில்லை, ஐயா. வயரின் நட்டநடுவில் இறங்கியிருந்தது, நீங்களே பார்த்தீர்களே.

அன்று ஆறரை மணிக்கு நல்ல சாரல். மேடைப் பலகை முழுக்க ஈரம். டிரம் அடிக்கிறவர்கள் செருப்புப் போட்டுக்கொள்வதில்லை, பெடல் காலில் படவேண்டும் என்பார்கள். மைக் பேட்டரியில் ஓடுவது. சங்கிலிப்பாண்டி அதில், "இன்னைக்கு நம்ம பெருமாள் அண்ணாச்சி கைவேலையைப் பாருங்க, மலையே நகர்ந்தாலும் இது நகராது. எல்லாரும் ஒரு கை தட்டுங்க" என்றான். தட்டினார்கள். அவன் அப்படிச் சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என்னைக் கேலி செய்யத்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். கையை உயர்த்தி நிறுத்தச் சொல்ல நேரம் இருந்தது. நான் உயர்த்தவில்லை.

விளக்கு மெயினைப் போட்டார்கள். முதல் அடி விழுந்தது. இரண்டாவது விழவில்லை. அவன் விறைத்து, ஸ்டூலோடு சரிந்தான். கூட்டம் சிரித்தது. வழக்கமான வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள். முன்வரிசையில் அவன் பெண்டாட்டி மாரித்தாயும் சிரித்தாள், பக்கத்தில் இருந்தவளைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள். பிறகுதான் அவள் எழுந்து ஓடினாள்.

பெடல் அசையவில்லை. நான் பார்த்தேன்.

கிதிர் முகம்மதுவை விட்டுவிடுங்கள். கொன்றது நான். இதில் சந்தேகம் வேண்டாம், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் நான் வந்தது இதற்காக மட்டும் இல்லை. போன வெள்ளிக்கிழமை அந்தக் குழுவுக்குச் சுரண்டையில் கச்சேரி. நீங்கள் திருப்பிக் கொடுத்த அதே டிரம், அதே பெடல். மதுரையிலிருந்து வந்த புது ஆள் அடித்தான். பெடலை நானே போய் முடுக்கிக் கொடுத்தேன், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆணி அடிக்கவில்லை. முடுக்கிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். புது ஆள் நட்டில் கை வைக்கவில்லை. வேறு யாரும் கிட்டே வரவில்லை. நான் ஒரு நிமிஷம்கூடக் கண்ணை எடுக்கவில்லை.

மூன்றாவது பாட்டில் பெடல் கழன்று ஒரு பக்கமாகப் போனது. யாரும் சிரிக்கவில்லை. அந்த ஆள் காலாலேயே அதை இழுத்து வைத்துக்கொண்டு அடித்தான்.

சங்கிலிப்பாண்டி செத்து நாற்பது நாளாகிறது. அப்படியென்றால் இதைக் கழற்றுகிறவன் இன்னொருவன் இருக்கிறான், ஐயா. என்னை உள்ளே வைத்துவிட்டால் நான் தேட முடியாது. அவன் யார் என்று நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.