சைலன்சருக்கு ஒரு பூச்சு

– எட்டரை மணி காலேஜ் பஸ் போயிருச்சு, தமிழ்மாறா. இன்னிக்கும் எம்மவ ஏறல.

– அழுவுறாளா அண்ணி?

– அழுதாத்தான் தேவலையே. கூப்புட்டா திரும்பிப் பாக்குறா, அம்புட்டுதான். சோத்தப் பெசைஞ்சு வச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுறா.

– அண்ணன் போனது நம்ம எல்லாருக்குந்தான் நெஞ்சுல கெடக்கு. நாளாவட்டத்துல சரியாயிடும்.

– ஆவாது. ‘நான்தாம்மா அப்பாவ எரிச்சேன்’ங்குறா.

– என்ன பேச்சு இது! முந்திரிக் காட்டுல தீப்புடிச்சதுக்கு அபி என்ன பண்ணுவா?

– அதுக்கு முன்னாடி ஒன் பட்டறைக்கு டிராக்டர ஓட்டிட்டு வந்தாருல்ல? சைலன்சருக்கு சூடு தாங்குற பூச்சு அடிக்கணும்னு?

– வந்தாரு, வாஸ்தவம். கெளை இடிக்குதுன்னு சைலன்சரக் கீழ எறக்கி வச்சிருந்தாரு. சருகுல பட்டுருமோன்னு அவருக்கே ஒரு பயம். அப்புறம் என்னவோ வேணாம்னுட்டாரு.

– வேணாம்னது இவதான். போன்ல தேடிப் பாத்துட்டு, கல்லு மண்ணுல ஓடுற வண்டிக்கு அது நிக்காதுப்பா, பேந்துரும், தண்டம்னா. படிச்ச புள்ள சொல்லுதுன்னு அவரும் விட்டுட்டாரு.

– வாஸ்தவந்தான். சிரிச்சுக்கிட்டே சொன்னாரு எங்கிட்ட. எம்மவ இஞ்சினியரு, நீ பெயிண்டருன்னு.

– அந்த வாரமே… கொட்டை பொறுக்கக் கூட்டிக் குமிச்ச சருகு மேல வண்டிய நிறுத்தி, இஞ்சின அணைக்காம எறங்கியிருக்காரு. பத்திக்கிச்சு. வண்டிய எடுக்கத்தான் உள்ள ஓடுனாரு.

– விடுங்க அண்ணி.

– நீ சொல்லணும் தம்பி. பூச்சு அடிச்சிருந்தாலும் புடிச்சிருக்கும்னு. நீ சொன்னா நம்புவா.

– பூச்சு அடிச்சா வெளிச்சூடு கொஞ்சம் கொறையும் அண்ணி. தப்பிச்சிருக்குமோ என்னவோ. எனக்கே தெரியாதப்ப…

– ஐயனாரு மேல சத்தியம் கேட்டாலும் பண்ணு. ஒருத்தர வாரிக் குடுத்துட்டேன். இவளையும் குடுக்கவா?

– கூப்புடுங்க.

– அபி! சித்தப்பா வந்திருக்காரு பாரு!

– வாங்க சித்தப்பா.

– என்ன சாமி இது, ஈர்க்குச்சியாட்டம் நிக்குற? காத்தடிச்சா ஒன்ன ஜெயங்கொண்டத்துல போயித்தான் புடிக்கணும். உக்காரு.

– நிக்குறேன்.

– இந்தா பாரு. நீ ஒங்கப்பாகிட்ட சொன்னது நூத்துக்கு நூறு சரி. அந்தப் பூச்செல்லாம் தார் ரோட்டுல ஓடுற காருக்கு. காட்டு வண்டியில ஒரு மழைக்கு நிக்காது. ஒரு கல்லு தெறிச்சா போச்சு.

– சூடு?

– சூடு எங்க போவும்? அடிச்சாலும் அதே சூடுதான். அந்தச் சருகு எப்புடியும் பத்தியிருக்கும்.

– சத்தியமா?

– ஐயனாரு மேல சத்தியமா.

– கேட்டியாடி? தெனமும் அதே வேலையப் பாக்குற மனுசன் சொல்றாரு. வா, ரெண்டு இட்லியாவது வாயில போடு.

– இரும்மா. சித்தப்பா, வாசல்ல நிக்குறது ஒங்க டிராக்டர்தானே?

– ஆமா சாமி. ஆண்டிமடத்துக்கு உழவுக்குப் போறேன்.

– அப்பா காரியத்துக்கு நீங்க இதுல வந்தப்ப, இதோட சைலன்சரு துருப்புடிச்சுக் கெடந்துச்சு. இப்ப எதுக்கு சித்தப்பா பூச்சு அடிச்சிருக்கீங்க?