கருவாட்டுக்கு ஒரே தராசு

முல்லைத்தீவு பஸ்ஸில் அன்று சாரதி, நடத்துனர், மடியில் லப்டொப்போடு ஒரு இளம்பெண்பிள்ளை, அவளுடைய சினேகிதி, பின்னால் நான். வேறு ஒருவருமில்லை.

“கருவாட்டுக்கடை முதலாளி நானான்ர வெப்சைட்டில எல்லா விலையும் கிலோவுக்கெண்டு இண்டைக்கே வரவேணுமாம். இல்லையெண்டா வேலை கொழும்புக்காரருக்காம். எத்தினை பக்கமடி!” அந்தப் பிள்ளை அழும் நிலையில் இருந்தாள்.

“ஒவ்வொரு கருவாட்டுக்கும் விலை காட்டுற பெட்டியின்ர கோட்டைத் தனித்தனியா எழுதினனியோ?” என்றாள் சினேகிதி.

“ஓம்.”

“நானா ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு தராசோ வச்சிருக்கிறார், விசரி? ஒரு பெட்டி எழுது. பேரையும் விலையையும் மட்டும் மாத்திக் குடு.”

அந்த ஒன்றில் பிழை விட்டால் எல்லாவற்றிலும் பிழை வருமே என்று நினைத்தேன். தண்ணீரூற்றுத் தரிப்பு வருமுன் அந்தப் பிள்ளை ஒரேயொரு பெட்டி எழுதி, அதில் ‘ஒரு கிலோ’ என்று போட்டாள். பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன்; பாரை, நெத்தலி, சூடை என்று எல்லாக் கருவாட்டிலும் அது ஒரேயடியாக வந்தது.

நானாவுக்கு அழைத்தாள். அவருடைய குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

“புள்ள, கிலோவெண்டா விலை கூடவாத் தெரியுது. நூறு கிராமுக்குப் போடுவமா?”

“போனை வையாதீங்கோ நானா. ஒரு பெட்டிதானே, அதில பத்தால பிரிச்சு விடுறன். இப்பவே பாருங்கோ.”