மூன்றாம் தொட்டிக்குக் கேட்காமல் பூஞ்சையம்மாவுக்கு வாசித்த மடல்

எண்ணெய் ஈனும் பூஞ்சையை இருபத்தொன்பது ஆண்டுகள் இமைபோல் காத்தவரே! நுண்ணோக்கியில் நுழைந்து நுட்பம் கண்ட நுண்ணறிவே! முகத்துக்கு முன்னால் 'அம்மா' என்றும் முதுகுக்குப் பின்னால் 'பூஞ்சையம்மா' என்றும் நாங்கள் அழைத்த அறைத் தலைவியே, வணக்கம்!

சர்க்கரையை அள்ளிக் கொடுத்து நைட்ரஜனை மட்டும் நிறுத்தினால், பூஞ்சை வளர்வதை விட்டு, வந்ததையெல்லாம் கொழுப்பாக்கித் தன்னுள் துளித்துளியாய்ச் சேர்க்கும். "பஞ்சம்னு மோப்பம் பிடிச்சிட்டா, இதைவிடப் பெரிய பதுக்கல்காரன் ஊர்லயே கிடையாதுப்பா" என்பீர்கள். சர்க்கரையும் தீர்ந்தால் சேர்த்ததைத் தானே தின்னும். தின்னத் தொடங்குமுன் குழாயைத் திறந்து வடித்தெடுக்கும் நேரம் உங்கள் கைக்கே தெரிந்தது. விலை படியும் கணத்தை முகத்தில் படிக்கும் வியாபாரியும் உங்களிடம் தோற்பான்!

பொய்யறியாப் பதிவேடு உங்களுடையது. "கொஞ்சம் கூட்டிப் போடுங்கம்மா, மேலிடம் குளிரும்" என்று கெஞ்சினோம். "அது பாத்துக்கிட்டிருக்கு" என்றீர்கள். சிரித்தோம்.

மாலைதோறும் மூன்றாம் தொட்டியின் எஃகு வயிற்றில் இருமுறை தட்டி, "போயிட்டு வரேன்" என்பீர்கள். அறுபது நிறைந்தவர் இனி வரவேண்டாம் என்ற ஆணை வந்த அன்று, தட்டினீர்கள்; சொல்லவில்லை. உங்களுக்குப் பொய் வராதே!

மறுநாள் முதல் அந்தத் தொட்டியின் பூஞ்சை வளரவில்லை. நைட்ரஜன் குறையவில்லை, மூவர் தனித்தனியே அளந்தோம். ஆயினும் சாயமேற்றிப் பார்த்தால் இழைக்கு இழை எண்ணெய்த் துளிகள், இமையில்லாக் கண்களாய் மஞ்சளில் மின்னுகின்றன. அதிலிருந்து எடுத்துப் புதுக் குடுவைகளில் இட்ட வித்தும் வளராமல் பதுக்குகிறது. வித்து வளராவிட்டால் அறைக்குப் பூட்டு. ஒன்பது பேரும் வீட்டுக்கு.

ஆகவேதான், மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவோர்போல், உணவறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதை வாசிக்கிறோம். நேற்றைய ஒத்திகையில், இத்தகைய விழாக்களில் தவறாது வரும் அந்த ஒரு சொல் வந்ததும், சுவருக்கு அப்பால் தொட்டியின் குமிழிச் சத்தம் நின்றது. வாசித்தவர் தண்ணீர் கேட்டார். இன்று இம்மடலில் அந்தச் சொல் எங்கும் இல்லை.

வாய்மையின் வடிவே! நாங்கள் கேட்பது ஒரே ஒரு பொய். இருபத்தொன்பது ஆண்டுக்கு ஒன்று. இதைவிடக் குறைத்துக் கேட்க எங்களுக்கே கூச்சம். வெளியேறுமுன் இருமுறை தட்டுங்கள். அந்த இரண்டு சொல்லைச் சொல்லுங்கள். குரல் நடுங்காமல் சொல்லுங்கள், அது கவனிக்கும்.

நோயின்றி, குறையின்றி, நூறாண்டு நீங்கள் நிறைந்து வாழ்க! சட்டமிட்ட இம்மடலை வீட்டில் மாட்டுக. இங்கே மட்டும் விட்டுச் செல்லாதீர்கள்.

இங்ஙனம்,
சுவரின் இந்தப் பக்கத்து ஒன்பது பேர்