வேர்விட்டவன் ஏறிய குதிரை

— நிறுத்துடா. வேர் விட்டு மரமா நிக்கிறவன் எப்படிடா குதிரை ஏறுவான்?

— அக்கா, இந்த நாவல்ல நாலு பாகமா ஆலமரம் அரசியல் பேசுது, ஆந்தை வக்கீல் வேலை பாக்குதுன்னு நீதானே சொன்னே. அதையெல்லாம் வாயைத் திறக்காம நம்பினே. ஒருத்தன் குதிரை ஏறினா மட்டும் சந்தேகமா?

— காட்டுக்குக் கொடுத்த வாக்குக்காக அந்தக் காவலன் மூணாம் பாகத்துலயே மரமாயிட்டான். இடத்தை விட்டு நகரவே முடியாது. கதையே அதுதான்.

— நான் நேரா அஞ்சாம் பாகத்துல வந்து மாட்டிக்கிட்டவன். ஆபரேஷன் பண்ணி உன் ரெண்டு கண்ணுக்கும் கட்டு போட்டாங்களே, அப்படியே என் வாய்க்கும் ஒண்ணு போட்டு விட்டிருக்கலாம்.

— அலுத்துக்காதே. காட்டுல தீ வெச்சாங்க, காவலனைச் சுத்தி வளைச்சிடுச்சு. அங்க இருந்து படி.

— ம்... ‘தீ நெருங்கியது. அப்போது... அப்போது அவனை வேரோடு பெயர்த்து, ஒரு தொட்டியில் வைத்து, குதிரைமேல் ஏற்றினார்கள்.’

— தொட்டியிலயா?

— பெரிய தொட்டி.

— நட்ட நடுக் காட்டுல தொட்டி எங்கிருந்துடா வந்துச்சு?

— எழுதினவரைக் கேளு. நானும்தான் சர்வே கருவியைத் தூக்கிக்கிட்டு வருஷக்கணக்கா காடு காடா அளக்கறேன். ஒரு மரமாவது ‘சௌக்கியமாப்பா’ன்னு கேட்டிருக்குமா?

— உன் மூஞ்சியைப் பாத்தா எந்த மரத்துக்குப் பேசத் தோணும்? ஆமா, ரொம்ப நேரமா பக்கம் புரட்டுற சத்தமே கேக்கலையே?

— நீளமான பக்கம்.

— பக்கமா, பாயா?

— இப்ப உனக்கு என்ன வேணும்? அவன் பொழைச்சானா இல்லையா, அவ்வளவுதானே? பொழைச்சுட்டான். நாளைக்குக் கட்டு அவுக்கறாங்க, பேசாம இரு.

— ஒரு வரி விடாம படிக்கணும்னுதானே சொன்னேன்? அந்தப் பக்கத்தை மறுபடி படி.

— மாட்டேன்.

— ஏன்டா?

— டாக்டர் என்ன சொன்னார்? குனியக் கூடாது, தும்மக் கூடாது, முக்கியமா அழக் கூடாது. ரெண்டாம் பாகத்துல ஏதோ கிழட்டு நரி செத்ததுக்கே வாரம் பூரா மூக்கைச் சிந்தினவ நீ. இந்த மரத்தடியனுக்காக உன் கண்ணு போகணுமா? எனக்குப் பயமா இருக்குக்கா.

— எருமை.

— திட்டு. எவ்வளவு வேணா திட்டு. அழாம திட்டு.

— கட்டு அவுத்தும் கண்ணு தெரியலைன்னா என்ன பண்றதுன்னு பயந்து, ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு முன்னாடியே இதை முழுசாப் படிச்சு, அவன் சாம்பலானதுக்கு அழுதும் தீத்துட்டேன்டா. இருட்டுல தனியா உக்கார முடியலைன்னுதான் உன்னைப் படிக்கச் சொன்னேன். சரி, அந்தத் தொட்டியை எங்க கொண்டுபோய் இறக்கினே, அதைச் சொல்லு.