பெட்டியில் ஐந்து, தண்ணீரில் எத்தனை?

இன்று முற்பகல் பதினோரு மணிக்கு மீன்வள அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டது. உதவி இயக்குநர் கையெழுத்திட்ட அந்தத் தாள் சொல்வது இது: நம் ஏரியில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து மீன் எடுத்துச் செல்லலாம் என்றிருந்த வரம்பு, எட்டாக உயர்த்தப்பட உள்ளது. காரணம், “கடந்த மூன்று ஆண்டுகளில் ஒருவர்கூட வரம்பை மீறவில்லை.” பலகை முன் நின்று இரண்டு முறை வாசித்தேன். உள்ளே சென்று, தாள் அவர்களுடையதுதான் என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். செய்தியை முதலில் வைத்துவிட்டேன். இனி வணக்கத்தை வைக்கிறேன்.

அவைக்குத் தலைமையேற்று, நீட்டிப் பேசுவோரைக் கடிகாரத்தைக் காட்டியே அடக்கிவரும் நூலகர் அம்மையார் அவர்களே! இந்த ஏரித் தண்ணீரைக் குடித்தே தலை நரைத்த பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! வேலை முடிந்த அலுப்போடு சுவரோரம் நிற்கும் உழைப்பாளர்களே! கடைசி வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு, நான் சொல்லும் எதையும் காதில் வாங்குவதில்லை என்ற உறுதியோடு அமர்ந்திருக்கும் தூண்டில் சங்கத்துச் செம்மல்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

ஒருவர்கூட மீறவில்லையாம்! ஆகா, என்ன ஒழுக்கம்! என்ன உத்தமம்! சாலையில் சிவப்பு விளக்கை மீறுவோம், வரிசையில் முந்துவோம், நூலகப் புத்தகத்தை ஆறு மாதம் வைத்திருப்போம். ஆனால் ஏரிக்குப் போனால் மட்டும் புனிதர்கள் ஆகிவிடுவோம். (அம்மையார் சிரிக்கிறார்; புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.)

இந்தப் புனிதத்துக்குச் சான்று என்ன? ஏரிக்கு ஒரே ஒரு வாயில். அங்கே ஒரு மேசை, ஒரு பதிவேடு. வெளியே போகும்போது ஐஸ் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். ஏழு ஆண்டுகளாக அந்த மேசையில் அமர்ந்து மீனை எண்ணி எழுதிவந்தவரை ஊரே ‘கேட் அக்கா’ என்று அழைக்கிறது. பதிவேட்டைப் புரட்டினால் மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து, ஐந்து, ஐந்து. ஆறு என்ற எண்ணே இல்லை. அதை வைத்து ‘வரம்புக்கு வெற்றி’ என்று நானே என் பத்திரிகையில் மூன்று முறை செய்தி எழுதினேன். பதிவேட்டைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்க்கவில்லை. அது என் தவறு. அதை ஒப்புக்கொண்ட பிறகே அடுத்தவர் தவறுக்குப் போகிறேன்.

சங்கம் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடத்துகிறது. முன்பு, பிடித்த மீன் அத்தனையின் மொத்த எடைக்குக் கோப்பை. வரம்பு வந்ததும் சங்கம் கூடியது, சிந்தித்தது, திருத்தியது. புதிய விதி: பெட்டியில் உள்ள ஐந்து மீனின் எடை யாருக்கு அதிகமோ அவருக்குக் கோப்பை. ‘சட்டத்துக்குத் தலைவணங்கினோம்’ என்று அறிக்கை விட்டார்கள். அந்த வணக்கத்தின் அழகு, படகில் ஏறிய பிறகுதான் எனக்கு விளங்கியது.

இந்த ஆண்டுப் போட்டியில், படம் எடுத்துப் போடுவேன் என்ற நம்பிக்கையில், சங்கத் தலைவர் என்னைத் தம் படகில் ஏற்றிக்கொண்டார். அவருக்குச் சங்கத்தார் வைத்த செல்லப்பெயர் ‘திமிங்கிலம்’. காலை ஒன்பது மணிக்குள் ஐந்து மீன் பெட்டிக்குள் போய்விட்டது. நான் கேட்டேன்.

“அஞ்சு ஆயிடுச்சே சார், கரைக்குப் போகலாமா?”

“என்ன சார் விளையாடுறீங்க? இப்பதான் ஆட்டமே ஆரம்பம். இனிமே பெரிசு வர வர மாத்திக்கிட்டே இருக்கணும்.”

“மாத்துறதுன்னா?”

“பெட்டில இருக்கற சின்னதைத் தூக்கித் தண்ணில போட்டுட்டு, புதுசை உள்ள வெக்கறது. சட்டம் அஞ்சுன்னுதானே சொல்லுது? நம்மகிட்ட என்னைக்காவது ஆறு இருந்து பாத்திருக்கீங்களா?”

“நீங்க போட்டது மல்லாந்து மிதக்குதே சார்?”

அவர் திரும்பிப் பார்த்தார். சற்று யோசித்தார். பிறகு அருளினார்:

“அது அதோட உடம்பு வாகு.”

சிரிக்காதீர்கள்! ஒரு மணி நேரம் ஐஸில் கிடந்த மீனுக்கு உடம்பு வாகு சரியில்லையாம்! நம் ஏரியில் மீன்கள் கொல்லப்படுவதில்லை, அன்பர்களே; அவை உடம்பைக் கவனித்துக்கொள்ளாமல் கெட்டுப்போகின்றன! பிற்பகல் மூன்று மணிவரை அவர் பிடித்தது பத்தொன்பது. பெட்டியில் இருந்தது ஐந்து. வாயிலில் பெட்டியைத் திறந்தார், நெஞ்சை நிமிர்த்தினார், ‘ஐந்து’ என்று எழுத வைத்தார். கோப்பையும் அவருக்கே. பிடித்த உடனே, உயிரோடு, ஈரக் கையால் விடுகிறவரை நான் குறை சொல்லவில்லை. செத்ததைத் தண்ணீரில் போட்டுவிட்டு விடுதலை அளித்ததாகச் சொல்கிறவர்களைத்தான் சொல்கிறேன்.

மறுநாள் காலை, கேட் அக்கா படகுத்துறையிலிருந்து கல்படி வரை கரையோரமாக நடந்தார். மிதந்த மீன்களை ஒவ்வொன்றாக எண்ணினார். இருநூற்றுப் பதினான்கு. முந்தைய நாள் போட்டியில் முப்பத்தெட்டுப் பேர். வாயிலில் பதிவானது நூற்றுத் தொண்ணூறு மீன். அதாவது, வீட்டுக்குப் போனதைவிட வீணாய்ப் போனது அதிகம். அதுவும் கரைக்கு ஒதுங்கியது மட்டும்!

யாரோ கேட்கிறீர்கள். சத்தமாகவே கேளுங்கள் தம்பி. “வெயிலுக்குச் செத்திருக்கலாமே?” நல்ல கேள்வி. கேட் அக்காவுக்கும் அது தோன்றியது. ஆறு மீன்களைப் பையில் போட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனார். ஐந்தின் வாயில் கொக்கிக் காயம், ஒன்றில் இல்லை. அந்த ஒன்றையும் மறைக்காமல் தம் கடிதத்தில் எழுதினார். இன்று சங்கம் அந்த ஒற்றை மீனைக் கட்டிக்கொண்டுதான் கதறுகிறது. வெயில் அந்த ஒன்றைக் கொன்றதென்றே வைத்துக்கொள்வோம். மற்ற ஐந்தின் வாயில் கொக்கியை மாட்டியதும் வெயில்தானா?

கடிதம் உதவி இயக்குநர் மேசைக்குப் போனது. பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. மீனைப் பற்றி அல்ல, அவரைப் பற்றி! ‘பணியிடத்தை விட்டு அகன்ற குற்றத்துக்காகத் தற்காலிகப் பணிநீக்கம்.’ அவர் கடிதம், இந்த ஆணை, இரண்டு தாள்களையும் கையில் வைத்துப் பார்த்தேன். அவர் எண்ணியது காலை ஐந்து நாற்பது முதல் ஆறு முப்பத்தைந்து வரை. அவர் பணி தொடங்குவது ஏழு மணிக்கு. தொடங்காத பணியை விட்டு அகன்றாராம்! அப்படியானால் நேற்று நான் போகாத ஊரிலிருந்து திரும்பி வந்தேன் என்று சொன்னாலும் இந்த அலுவலகம் முத்திரை குத்திக் கொடுக்குமா, கொடுக்காதா?

அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் தையற்காரர், இயந்திரத்தை நிறுத்தாமலே பேசினார்.

“இவளை மீனை எண்ணச் சொன்னாங்க. செத்த மீனை யாரு எண்ணச் சொன்னா?”

“பெட்டிக்குள்ள இருந்தது மட்டும் உயிரோடவா இருந்துச்சு?” என்றார் கேட் அக்கா.

இயந்திரம் நின்றது.

“பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல,” என்று முணுமுணுத்த கணவர், என்னைப் பார்த்து, “அவ சொல்றது சரிதான் சார். வேலை போயிடுமோன்னுதான் கத்துறேன்,” என்றார்.

கேட் அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “எண்ணறதுக்குத்தானே சார் என்னை அங்க உக்கார வெச்சாங்க? எண்ணினதுக்கே எந்திரிச்சுப் போன்னா, நான் வேற என்ன செய்யணும்?”

தாய்மார்களே, பெரியோர்களே, இதற்கு யாரிடம் பதில் இருக்கிறது? எட்டாக உயர்த்தத் துடிக்கும் அலுவலகத்திடமா? ஐந்து பிடிக்கப் பத்தொன்பதைக் கொல்லும் அறிவாளிகளிடமா? ஐந்துக்கே இருநூற்றுப் பதினான்கு என்றால், எட்டுக்கு எத்தனை? மீறாதவர்களுக்குப் பரிசாக வரம்பை உயர்த்துகிறார்கள். மீறியதைக் கண்டவருக்குப் பரிசாக வேலையைப் பறிக்கிறார்கள். இதற்குப் பெயர் நிர்வாகமா? இது நிர்வாகம் என்றால், அந்தத் திமிங்கிலம் மீன்களுக்கு மருத்துவர்!

கேட் அக்கா தம் கடிதத்தின் கடைசியில் ஒரு விதியை எழுதியிருந்தார். அலுவலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ ஆண்டுகளாக எழுத முடியாத விதி. “பெட்டிக்குள் போனது வெளியே வரக்கூடாது. ஐந்தாவது உள்ளே போனதும் தூண்டிலைச் சுருட்ட வேண்டும்.” இவ்வளவுதான்! இதற்குப் புதுப் பதிவேடு வேண்டாம், புது அதிகாரி வேண்டாம். படகுத்துறையில் ஓர் ஆள், பிடித்தவர் மனத்தில் கொஞ்சம் வெட்கம், இவை போதும். ஆள் கிடைப்பார்; வெட்கத்துக்குத்தான் விண்ணப்பம் போட வேண்டியிருக்கிறது!

அம்மையார் கடிகாரத்தைத் தொட்டுவிட்டார். நடந்தவற்றைச் சொல்லிவிட்டேன், இனி நடக்க இருப்பவை இவை. எட்டு என்ற வரம்புக்கு எதிரான கடிதங்களை வியாழன் மாலை நான்கு மணிவரை அலுவலகம் வாங்கும்; இன்று பிற்பகல்வரை வந்தவை மூன்று என்று அங்குள்ள எழுத்தர் சொன்னார். கேட் அக்கா மீதான விசாரணை திங்கள் காலை பத்து மணிக்கு. மருத்துவர் சாட்சி சொல்ல வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரை உள்ளே விடுவார்களா என்று கேட்டேன், உதவி இயக்குநர் இன்னும் பதில் சொல்லவில்லை. வரம்பு பற்றிய இறுதி ஆணை இம்மாதம் முப்பதாம் தேதி வரும் என்கிறார்கள். கேட் அக்கா வேலைக்குத் திரும்புவாரா என்பதற்கு மட்டும் யாரும் தேதி சொல்லவில்லை.

கால் கடுக்க நின்று கேட்டவர்களுக்கும், கையைக் கட்டிக்கொண்டே ஆனாலும் எழுந்து போகாமல் கேட்ட கடைசி வரிசைக்கும் என் நன்றி. வியாழன் நான்கு மணிக்குள் எழுதப்போகிறவர்களுக்கு என் தனி வணக்கம்.