அந்துப்பூச்சியை நம்பிய அண்ணல் ஹோல்கர் லிண்டோ அவர்களுக்கு

கோபன்ஹேகன் பூச்சிப் பறத்தல் ஆய்வகத்தின் பட்டறையில் இருபத்தொன்பது ஆண்டுகள் பழுதறப் பணியாற்றி, இன்று ஓய்வு பெறும் பெருந்தகையே! காற்றுக் குழாய் கட்டிய கைவல்லவரே! கண்காணாக் காற்றையும் புகையிழையால் காட்டித் தந்த கலைஞரே! எங்கள் காப்பிக் குவளைகளைத் திருகாணி போட்டுவைக்க எடுத்துப் போய், ஒன்றைக்கூடத் திருப்பித் தராதவரும் நீரே. இந்த நன்னாளில் அதை மன்னித்தோம்.

அருங்குணங்களை அடுக்க ஆசைதான். ஆயினும் ஒரே ஒரு வாரத்தைச் சொன்னால் போதும் என்கிறார் எங்கள் தலைவர் டோர்தே ராஸ்ட்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், அந்துப்பூச்சியின் முதுகைக் கம்பியில் மெழுகால் ஒட்டி, அது சிறகடித்து எழுப்பும் விசையை அவர் அளந்துவந்தார். எத்தனை முறை அளந்தாலும் பூச்சியின் எடையில் பாதிதான் தேறியது. அந்தக் கணக்குப்படி அது பறக்கவே முடியாது. அவிழ்த்துவிட்டாலோ விளக்கைச் சுற்றிச் சுற்றி வந்தது! மூன்றாண்டு உழைப்பும் பாழென்று மனம் நொந்தவர், பதவி விலகல் கடிதம் எழுதி, விஷயத்தையும் சொல்லி, தபாலில் சேர்க்கும்படி உம்மிடமே தந்தார்.

மறுநாள் நீர் பூச்சியின் எதிரே நெடுநேரம் குந்தியிருந்தீர். கம்பிதான் தாங்கிக்கொள்கிறதே, அது ஏன் மாங்கு மாங்கென்று சிறகடிக்க வேண்டும் என்று கேட்டீர். வைக்கோல் தண்டில் தராசுபோல் ஆடும் கையொன்று செய்து, அதில் பூச்சியை ஒட்டி, கையின் பாரத்தை மட்டும் சமன்செய்து, பூச்சி தன் பாரத்தைத் தானே சுமக்கும்படி விட்டீர். அடடா, அடித்ததே சிறகை! முழு எடையும் எழும்பியது! புகை விட்டுப் பார்த்தால், சிறகின் முன்விளிம்பை ஒட்டிக் காற்று சுருண்டு நின்று பூச்சியை மேலே இழுத்துக்கொண்டிருந்தது. கம்பி தாங்கியபோது பூச்சி எழுப்பாமல் விட்டது அந்தச் சுருளைத்தான்.

ஆளாளுக்குக் கட்டித் தழுவிய வேளையில் டோர்தேயின் முகம் வெளிறிப்போயிற்று. கடிதம் கொடுத்து நான்கு நாளாகிவிட்டதே! பட்டறைக்கு ஓடிவந்து, "ஹோல்கர், அந்தக் கடிதம்..." என்றார். நீர் கையிலிருந்த அரத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"பூச்சிதான் பறக்குதே டோர்தே. அப்ப தப்பு நம்ம பக்கந்தான இருக்கணும்? நான் போடவே இல்ல."

அன்று அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது; எங்களுக்கோ ஓர் ஆய்வகமே மிஞ்சியது. ஐயா, கடலோரக் கோடைவீட்டில் காலை நீட்டி, நோய்நொடியின்றி, நிம்மதியாய் நெடுங்காலம் வாழ்வீராக!

இப்படிக்கு,
நீர் தபாலில் போடாததால் இன்றும் இங்கே வேலை பார்க்கும் டோர்தே ராஸ்ட்,
அவரால் வேலை கிடைத்த ஆய்வக அலுவலர் அனைவரும்