முதல் மாலை

மோர் வேண்டாம், இன்ஸ்பெக்டர். வெளியிடத்தில் நான் எதுவும் குடிப்பதில்லை. கான்ஸ்டபிள் அன்போடு கொண்டுவந்திருக்கிறார், அவரே குடிக்கட்டும். வெயிலில் நிற்கிறவர். எனக்கு இந்த நாற்காலி போதும். ரைட்டர் யேசுதாஸ் தயாரா? அப்படியானால் முதல் வரியை நான் சொல்கிறபடி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்: என் தம்பி சுப்பிரமணி குடிக்கிறவன் அல்ல.

அதைச் சொல்லத்தான் நெல்லேரியிலிருந்து பஸ் பிடித்து வந்தேன். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

என் பெயர் தணிகாசலம். ஏரியின் வடகரையில் எங்கள் வீடு. அதனால் தலைமுறை தலைமுறையாக எங்களை வடகரையார் என்றுதான் சொல்வார்கள். நெல்லேரி வட்டார வரலாற்றுக் கழகத்துக்குத் தொடங்கிய நாள் முதல் நான் தலைவர், தம்பி செயலாளர், அரிசி மில் பச்சையப்பன் பொருளாளர்.

வரலாற்றுக் கழகம் என்றால் வயதானவர்கள் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். பழவேற்காடு போய்ப் பழைய கல்லறை எழுத்துகளைப் படி எடுத்திருக்கிறோம். ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு குட்டையில் துணி துவைக்கிற கல்லாகக் கிடந்த கல்வெட்டை மீட்டோம். துவைத்துக்கொண்டிருந்த அம்மாள் விடமாட்டேன் என்று அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பதிலுக்கு வழவழப்பாக ஒரு கல் கொண்டுவந்து போட்ட பிறகுதான் எழுந்தாள். அதிலும் துவைத்துப் பார்த்துத் திருப்தி ஆன பிறகு. திருவிழாவில் எந்தத் தெரு முன்னால் வடம் பிடிப்பது என்று தகராறு வந்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். பழைய வழக்கம் இன்னது என்று நான் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

ஆண்டு விழாவில் பச்சையப்பன் வரவு செலவு வாசிப்பது பார்க்கவேண்டிய காட்சி. வரவை நிறுத்தி நிதானமாக வாசிப்பார், செலவை எக்ஸ்பிரஸ் வண்டிபோல. துண்டு விழுகிற தொகையைச் சொன்னதும் கூட்டம் கைதட்டும். ஏனென்றால் அடுத்து அவர், "அதை வழக்கம்போல் வடகரையார் ஏற்றுக்கொள்கிறார்" என்பார். நான் எழுந்து கும்பிடுவேன். பிறகு எல்லோரும் ஊர் எல்லையில் இருக்கும் நடுகல்லுக்குப் போவோம்.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆள் உயரம். வாள் பிடித்த வீரன், அவனுக்குப் பின்னால் மாடுகள். மாடுகளை மீட்கப்போய் உயிர்விட்டவனுக்கு அந்தக் காலத்தில் வைத்தது. கீழே பழைய எழுத்தில் சில வரிகள். கண்ணுக்குத் தெரியும் கடைசிச் சொல் "வடகரையார்". அதற்குக் கீழே உள்ள வரிகளை என் தாத்தா கட்டிய சுண்ணாம்பு மேடை மூடியிருந்தது. வீரன் எங்கள் முன்னோர் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆண்டு விழாவன்று எங்கள் ஊர்க் கலியன் என்பவனின் வீட்டார் ஏரித் தண்ணீர் கொண்டுவந்து கல்லைக் கழுவிவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். முதல் மாலை நான் போடுவேன். எனக்கு முன்னால் என் அப்பா, அவருக்கு முன்னால் தாத்தா. கழகம் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம். எங்கள் வீட்டுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதென்றால் அது அந்த மாலைதான்.

தாத்தா ஏன் இரண்டு வரிகளை மூடி மேடை கட்டினார் என்று நான் கேட்டதில்லை. பெரியவர்கள் காரணம் இல்லாமல் எதுவும் செய்யமாட்டார்கள்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்ததும் லாரிகள் வந்தன. லாரிக்கு அகலமான ரோடு வேண்டும். கல்லைச் சற்றுத் தள்ளி நடவேண்டும் என்று தாக்கீது வந்தது. எனக்கு விருப்பமில்லை. தம்பிக்கோ தலைகால் புரியவில்லை. "அண்ணே, கல்லு கெளம்புனா அடியில கீற எழுத்தப் படிக்கலாம். ஆண்டு விழாவுலயே வெச்சுக்கலாம், பேண்டு செட்டோட!" என்றான். அவன் ரயில்வேயில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் மெட்ராஸ் போய்ப் பழைய எழுத்துப் படிக்கக் கற்றுக்கொண்டவன். என்னைவிட மிகவும் இளையவன். தாய் பாலூட்டி முடிக்கும் முன்பே போய்விட்டாள். என் மனைவி கெங்கம்மாள்தான் வளர்த்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறை தெரியாமல் வீடு முழுக்கச் சத்தமாக இருப்பான். கல்யாணம் என்றால், "எந்தப் பொண்ணுணே கல்வெட்டு நாத்தம் தாங்கும்?" என்று ஓடிவிடுவான்.

போன ஞாயிற்றுக்கிழமை விழா. இப்படி ஒரு விழா நடந்ததே இல்லை, சொல்லிவிடுகிறேன். பேண்டுக்காரர்கள் காலையிலேயே வந்து யாரும் கேட்காமல் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மைக் செட்காரன், "ஹலோ, ஹலோ" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தான். கோலி சோடா உடைகிற சத்தம் வெடி வெடிக்கிற மாதிரி. பச்சையப்பன் ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு வந்து அது தடுக்கி மேடையில் விழுந்தார், விழுந்தபடியே வரவேற்புரையைத் தொடங்கினார். எனக்கே சிரிப்பு வந்தது. நான் லேசில் சிரிக்கிறவன் அல்ல.

கலியன் கவரைப்பேட்டையில் ஒரு பட்டறையில் கலாசி. பாரம் தூக்குவதும் கயிறு கட்டுவதும் அவன் தொழில். கல்லைச் சுற்றிய சுண்ணாம்பு மேடையை இடித்து, மூன்று மரம் நட்டு, கப்பி மாட்டி, கல்லை அந்தரத்தில் தூக்கி நிறுத்தினான். வடத்தைப் பக்கத்துப் பனைமரத்தில் சுற்றி முடிச்சுப் போட்டான். ஊரே கைதட்டியது. அதற்குள் செய்தி வந்தது: சிறப்பு விருந்தினரின் கார் கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்கிறது, கூட்ஸ் வண்டி நகரமாட்டேன் என்கிறது. பச்சையப்பன் மைக்கில், "அப்படின்னா சாப்பாடு மொதல்ல!" என்றார். பந்தலை நோக்கி ஓடிய ஓட்டத்தில் பேண்டு மேளம் ஒன்று உருண்டு ஏரிக்குள் போனது. அதை எடுக்கப் பாதி பேர் இறங்கினார்கள்.

தம்பி மட்டும் சாப்பிடப் போகவில்லை. தேங்காய் நாரும் ஒரு சொம்புத் தண்ணீருமாகக் குழியில் இறங்கி, தொங்குகிற கல்லின் அடிப்பக்கத்து மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் பனைமரத்து நிழலில் இருந்தேன். திடீரென்று அவன் சிரிக்க ஆரம்பித்தான்.

யேசுதாஸ், இந்த இடத்தில் பேனாவை மூடி வைத்துவிடுங்கள். இது குடும்ப விஷயம்.

"அண்ணே! இங்க வாயேன்! நம்ம பாட்டன் இன்னா வேல பண்ணிக்கிறாரு பாரு!"

"இன்னாடா?"

விரலை வைத்துப் படித்தான். "வடகரையார் கொண்ட தொறு மீட்டுப் பட்டான் கீழேரிக் கலியன்."

தொறு என்றால் மாட்டு மந்தை. வடகரையார் ஓட்டிக்கொண்டு போன மாடுகளை மீட்டு உயிர்விட்டவன் கீழேரிக் கலியன். ஏரிக்குக் கீழே இருக்கிறது கலியன் வீடு. அந்த வீட்டில் மூத்த பிள்ளைக்கு என்றைக்குமே கலியன் என்றுதான் பெயர்.

"மாட்டுத் திருடங்கணே நாம!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அவன் மாட்டையும் ஓட்டிக்கினு வந்தோம், அவனுக்கு வெச்ச கல்லையும் ஓட்டிக்கினு வந்துட்டோம்! அதுக்கு மாலை வேற!"

"சத்தம் போடாதடா."

"சிரிக்காம எப்டிணே? நீ தெருத் தெருவா போயி பழைய வழக்கம் சொன்னியே, இதாண்ணே பழைய வழக்கம்!"

நான் அவனிடம் நியாயமாகவே பேசினேன். "இந்த வருசம் வேணாம்டா. கல்ல நட்டு மறுபடியும் மேடை கட்டிடலாம். நான் போன பின்னாடி நீ இன்னா வேணா பண்ணிக்கோ."

"கலியன் எத்தினி தலைமுறையா காத்துக்கினு கீறான். இன்னும் நீ போற வரைக்குமா? உனுக்கு நல்ல ஒடம்புணே, லேசுல போமாட்ட." கண்ணீரைத் துடைத்துக்கொண்டான். சிரிப்பில் வந்த கண்ணீர். "கலியன் மூஞ்சிய நெனச்சுப் பாரு. மைக்கில கூப்ட்டு மொதல் மாலைய அவன் கையில குடுக்கறேன். மயக்கம் போட்டு உழுவான். நீதான் மொதல்ல கைதட்டணும், சொல்லிட்டேன்."

மைக்கில் பச்சையப்பன் குரல் கேட்டது. "செயலாளர் எங்கிருந்தாலும் உடனே பந்தலுக்கு வரவும். பாயசம் தீரப்போவுது."

"வர்றேன்யா, வர்றேன்! சரித்திரத்த முடிச்சுட்டு வர்றேன்!" என்று குழிக்குள்ளிருந்து கத்தினான். அது யாருக்கும் கேட்டிருக்காது. மறுபடி சிரித்தான்.

அவன் சிரிப்பு ஒட்டிக்கொள்கிற சிரிப்பு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சாவு வீட்டில்கூட அவன் பக்கத்தில் உட்காரப் பயப்படுவேன். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பனைமரத்தருகே போனபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். நானும் சேர்ந்து சிரிப்பதைக் கேட்டு அவனுக்குச் சந்தோஷம். "அப்டி வாணே வழிக்கு!" என்றான்.

கலியன் போட்ட முடிச்சு நல்ல முடிச்சு. அதை எழுதிக்கொள்ளலாம். தன் முடிச்சுதான் வழுக்கிவிட்டது என்று அவன் இப்போதும் அழுதுகொண்டிருக்கிறானாம். அப்படி இல்லை. அவிழ்க்க எனக்குப் பெரும்பாடாகிவிட்டது. முடிச்சை அவிழ்த்த பிறகும் மரத்தைச் சுற்றிய சுற்றுகள் கல்லைப் பிடித்து நின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கடைசிச் சுற்றில் வடம் கையை விட்டுத் தானாகவே பாய்ந்தது. இதோ என் உள்ளங்கை, பாருங்கள். தோல் உரிந்திருக்கிறது.

சிரிப்பு நின்றது. அவனுடையது மட்டும். என்னுடையது நிற்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

கலியன்தான் முதலில் ஓடிவந்தான், பாயசக் கையோடு. "நைனா, எம் முடிச்சுதான்! நான்தான் கொன்னுட்டேன் நைனா!" என்று குழிக்குள் குதித்தான். கல்லைப் புரட்டித் தம்பியைத் தூக்கி மேலே கிடத்தியது அவனும் அவன் ஆட்களும்தான். கல் விழுந்த வேகத்தில் அடிப்பாகம் பொடிப்பொடியாக உடைந்துவிட்டது. அந்த இரண்டு வரிகளும் இல்லை. "வடகரையார்" என்ற சொல் அப்படியே இருக்கிறது.

தாம்பாளத்தில் மாலை தயாராக இருந்தது. ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய பெரிய மாலை. அதை எடுத்துத் தம்பிக்குப் போட்டேன். எல்லோரும் கதறினார்கள். என் மனத்தில் ஒன்றே ஒன்றுதான் ஓடிற்று: இந்த வருடமும் முதல் மாலை எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. அப்படி ஒரு லேசான உணர்வு, இன்ஸ்பெக்டர். நடக்கும்போது கால் தரையில் பாவவில்லை. அன்று சாயங்காலம் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று கெங்கம்மாள் பயந்தாள்.

அவள் ஒன்றுதான் கேட்டாள். என் கைக்கு மஞ்சள் எண்ணெய் போட்டுக்கொண்டே, "நீங்க அங்கதான இருந்தீங்க?" என்றாள். "அங்கதான் இருந்தேன்" என்றேன். நான் பொய் சொல்கிறவன் அல்ல.

புதன்கிழமை கழகத்தில் இரங்கல் கூட்டம். பச்சையப்பன் தீர்மானம் வாசித்தார்: தம்பியைக் காப்பாற்றப் பாயும் வடத்தை வெறுங்கையால் பிடித்து நிறுத்த முயன்ற தலைவரின் வீரத்தைக் கழகம் போற்றுகிறது. அதை நான் சொல்லவில்லை. என் கையைப் பார்த்து அவர்களாகவே எழுதியது. எழுந்து கும்பிட்டேன். சுப்பிரமணிக்கும் ஒரு கல் நடுவதாக முடிவாயிற்று. செலவை வழக்கம்போல் நான் ஏற்றுக்கொண்டேன்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் பின்வரிசையில் அந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. ஏரிக்குள் மேளம் எடுக்கப் போன ஒருவன் சொன்னான். "கொழியிலேர்ந்து அந்தச் சிரிப்பு கேட்டுச்சுய்யா. காலையிலயே போட்டுக்கினு வந்திருப்பாரு. போதை இல்லாம எவனாவது கல்லுக்கு அடியில குந்திக்கினு அப்டி சிரிப்பானா?" பக்கத்தில் இருந்தவன், "அதான் இப்ப தெருவுக்குத் தெரு கடையத் தொறந்து வெச்சுட்டானே" என்றான். மறுநாள் காலை டீக்கடையில் அதே பேச்சு. நேற்று பஸ்ஸில் அதே பேச்சு.

வடகரையார் வீட்டுப் பிள்ளை பட்டப்பகலில் குடித்துவிட்டுச் செத்தான் என்று ஊர் சொல்லும். நான் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டும். அது முடியாது, இன்ஸ்பெக்டர். எங்கள் வீட்டில் கள்ளை மோந்துகூடப் பார்த்தவர் கிடையாது. தம்பி தெளிவாக இருந்தான். என்னைப்போலவே தெளிவாக இருந்தான். சந்தோஷத்தில் சிரித்தான், அவ்வளவுதான். முடிச்சை அவிழ்த்தவன் நான். இதைச் சொன்னால்தான் அவன்மேல் விழுந்த பழி போகும் என்றால், சொல்லிவிடுகிறேன். குடும்ப மானத்துக்காக மனிதன் எதையும் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

யேசுதாஸின் பேனா இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறதே. கல்லில் இருந்த வரியையும் எழுதிவிட்டாரா? அடித்துவிடச் சொல்லுங்கள். காரணம் என்ற இடத்தில் "சொந்த விஷயம்" என்று போட்டால் போதும். கல்லிலேயே இல்லாத வரி காகிதத்தில் எதற்கு?

கையெழுத்து எங்கே போடவேண்டும்? இந்தக் கையால் பேனா பிடிக்கச் சிரமம், பரவாயில்லை.

ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த சித்திரையில் விழா நாளன்று மட்டும், இரண்டு கான்ஸ்டபிள்களோடு வேண்டுமானாலும், என்னை நெல்லேரிக்கு அனுப்பிவையுங்கள். கலியன் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிடுவான். ஆனால் முதல் மாலை போட எங்கள் வீட்டில் வேறு ஆள் இல்லை.